டின்னா, துணிப்பையா, மூன்று பாத்திரமா? தானியத்திலிருந்து பீர் பழக எந்த வழி

வீட்டில் பீர் தயாரிக்கப் பழக நினைக்கிறவர் முன்னால் நாலு வழி இருக்கிறது. டின்னில் வரும் மால்ட் பாகை வாங்கித் தண்ணீரில் கரைப்பது ஒன்று. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, துணிப்பையில் போட்டு, ஒரே பாத்திரத்தில் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சாறு எடுப்பது இன்னொன்று. அதே வேலையை மூன்று பாத்திரம் வைத்துச் செய்யலாம். மின்சாரத்தில் ஓடும் ஒற்றை இயந்திரத்திலும் செய்யலாம். மெல்போர்னில் வேலை பார்த்த காலத்தில் இந்த நாலோடும் பழகியவன் நான். இப்போது இருப்பது மதுரையில், திருநகர்ப் பக்கம். ஆஸ்திரேலியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்புகிற சொந்தக்காரப் பையன்கள் பெட்டி கட்டும்போதே இதைக் கேட்டுவிடுகிறார்கள். என் பதில் துணிப்பை. ஏன் என்பதையும், யாருக்கு அது சரிவராது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குள், சொந்தக் குடிக்கு, அஞ்சே லிட்டர் என்றாலும் குற்றம்தான். ஆகவே மதுரையில் யாரும் ஈஸ்ட்டைத் தொட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. ஆனால் அதைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கினால் அங்கும் குற்றம். சிங்கப்பூர் 2004-இல் இதை அனுமதித்தது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. சவூதி, குவைத் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது.

இப்படிச் சொன்னதும் அக்கா மகன் கேட்டான்: "அப்ப ஊர்ல இருந்து எதுவும் பழக முடியாதா மாமா?" முடியும். பீர் வேலை இரண்டு பாதி. தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி இனிப்புத் தண்ணீர் எடுப்பது முதல் பாதி. அந்த இனிப்பை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் நுரையும் ஆக்குவது இரண்டாம் பாதி. முதல் பாதியில் சொட்டு மது கிடையாது, அது வெறும் மால்ட் பானம். அதை நம்ம ஊர்க் கேழ்வரகிலேயே, நம்ம அடுப்படியிலேயே செய்து பழகலாம். துணிப்பை வழியை நான் முன்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டின் வழியில் பழகுவதற்கு முதல் பாதியே இல்லை. அதை ஆலைக்காரர் முடித்து அடைத்துவிட்டார்.

சரி, டின்னைப் பற்றி நியாயமாகப் பேசுவோம். அதில் பழுது ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கூப்பர்ஸ் நிறுவனத்தின் 1.7 கிலோ டின் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் அதிலேயே சேர்ந்திருக்கும். சுடுதண்ணீரில் கரைத்து, ஒரு கிலோ அளவுக்குச் சர்க்கரையோ மால்ட் பொடியோ சேர்த்து, குளிர்ந்த தண்ணீரால் 23 லிட்டராக்கி, கூடவே வரும் ஈஸ்ட்டைத் தூவினால் முடிந்தது. ஒரு மணி நேர வேலை. அதற்கப்புறம் செய்ய வேண்டியதெல்லாம், அதாவது பாத்திரத்தைக் கிருமி இல்லாமல் கழுவுவது, புளிக்கும்போது சூட்டைக் கட்டுக்குள் வைப்பது, பாட்டிலில் அடைப்பது எல்லாம், தானிய வழியில் வருகிறவருக்கும் அப்படியே உண்டு. உண்மையில் பீர் கெட்டுப்போவதும் நன்றாக வருவதும் பெரும்பாலும் இந்தப் பின்பாதியில்தான். அதனால், தனக்கு இதில் ஆர்வம் நிலைக்குமா என்றே தெரியாதவர் ஒரு டின் வாங்கிப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கழுவுவதில் பொறுமை இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் டின்னோடு நின்றுவிட்டால் கையில் இருப்பது ஒரு நிறம், ஒரு கசப்பு, ஒரு ருசி. மால்ட் பாகு ஆலையில் தண்ணீர் வற்றக் காய்ச்சப்பட்டது. டின் பழசாக ஆக நிறம் கறுத்து, ஒரு பழைய சர்க்கரைப் பாகு வாடை வரும். வெளிறிய, மெல்லிய பீர் வேண்டுமென்றால் டின்னில் அது எளிதில் கிடைக்காது. எந்த மால்ட்டை எத்தனை விழுக்காடு சேர்ப்பது, பீரின் உடம்பு (வாயில் தெரியும் அடர்த்தி) கனமாக இருக்க வேண்டுமா, இனிப்பில்லாமல் வறண்டு முடிய வேண்டுமா என்பதெல்லாம் தானியத்தைக் கையில் எடுப்பவர் தீர்மானிக்கிற விஷயங்கள். இவ்வளவு ஆசையோடு ஒரு வேலையில் இறங்குகிறவர் அதில் பாதியை இன்னொருவர் கையில் விடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தானிய வழி மலிவு என்று பலர் சொல்வார்கள். சில்லறையில் கிலோ கிலோவாக அரைத்த மால்ட் வாங்குகிறவருக்கு டின்னை விடப் பெரிய லாபம் இல்லை. மூட்டையாக 25 கிலோ வாங்கினால்தான் கணக்கு மாறும். காசு மிச்சப்படுத்தத் துணிப்பை எடுக்காதீர்கள்.

துணிப்பை முறை ஆஸ்திரேலிய வீட்டு பீர்க்காரர்களிடையே 2000-களின் நடுவில் பிரபலமானது. அதற்கு முன் தானியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமென்றால் மூன்று பாத்திரம் வேண்டும்: வெந்நீருக்கு ஒன்று, அடியில் சல்லடை வைத்துத் தானியத்தை ஊறவைக்க ஒன்று, கொதிக்க வைக்க ஒன்று. ஊறிய தானியத்தின் மேல் வெந்நீரை மெதுவாக ஊற்றி மிச்சச் சர்க்கரையையும் கழுவி எடுப்பார்கள். துணிப்பைக்காரர்கள் கேட்டது நேரான கேள்வி: முழுத் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி, தானியத்தைப் பையோடு முக்கி, நேரம் ஆனதும் பையைத் தூக்கிவிட்டு, அதே பாத்திரத்திலேயே கொதிக்க வைத்தால் என்ன? ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே வந்தது.

மதுரைக்காரருக்கு இதைப் புரியவைக்கப் பருத்திப்பால் போதும். ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டையைத் துணியில் கட்டிப் பிழிந்து, பாலை எடுத்துக்கொண்டு சக்கையைத் தள்ளுகிறோமே, துணியின் வேலை இங்கேயும் அதேதான்.

கணக்கோடு சொல்கிறேன். 10 லிட்டர் சாதாரணப் பலமுள்ள பீருக்கு 2.2 கிலோ அரைத்த மால்ட் போதும். தண்ணீர் 15.5 லிட்டர்: ஒரு மணி நேரக் கொதிப்பில் 3 லிட்டர் ஆவியாகும், தானியம் ஒன்றரை லிட்டர் குடித்துக்கொள்ளும், அடியில் வண்டலாக ஒரு லிட்டர் நிற்கும். தானியமும் சேர்ந்தால் பாத்திரத்தில் 17 லிட்டர் மட்டம் வரும். ஆகவே 20 லிட்டர் பாத்திரம் சரியாக இருக்கும். தானியம் ஊறுகிற சூடு 66 டிகிரி. அரைத்த தானியம் தண்ணீரைக் கொஞ்சம் ஆற்றிவிடும் என்பதால் தண்ணீரை இரண்டு மூன்று டிகிரி கூடவே வைக்க வேண்டும். மெல்போர்ன் குளிர்காலத்தில் தானியம் 12 டிகிரியில் இருக்கும், தண்ணீர் 69 வேண்டும். மதுரையில் தானியமே 32 டிகிரியில் இருக்கும், 68 போதும்.

அந்த 66-க்குக் காரணம் இருக்கிறது. முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை வெட்டும் இரண்டு நொதிகள் உண்டு. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் தின்னக்கூடிய மால்ட்டோஸைக் கொடுக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 70-ஐ ஒட்டி நன்றாக வேலை செய்து, மாவுச்சத்தை நடுவில் நடுவில் துண்டு போடும். அதில் ஈஸ்ட் தின்ன முடியாத துண்டுகளும் மிஞ்சும், அதுதான் பீருக்கு உடம்பு. 64-இல் ஊறவைத்தால் வறண்ட பீர், 69-இல் கனத்த பீர். ஒரு தெர்மாமீட்டரும் அடுப்புத் திருகும் இருந்தால் ருசியின் போக்கையே மாற்றலாம். டின்காரருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஒரு மணி நேரம் ஊறியதும் வேலை முடிந்ததா என்று பார்க்க அயோடின் போதும். ஒரு சொட்டுச் சாறை வெள்ளைத் தட்டில் விட்டு, மருந்துக்கடையில் வாங்கிய அயோடின் டிங்சரை ஒரு சொட்டு விட வேண்டும். நீலக்கறுப்பானால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் விடுங்கள். பழுப்பாகவே நின்றால் சர்க்கரையாகிவிட்டது. அந்தச் சொட்டைப் பானையில் சேர்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

மூன்று பாத்திர வழியை விரும்புகிறவர்கள் சொல்லும் பெரிய குறை, துணிப்பையில் சர்க்கரை முழுசாக வராது என்பது. உண்மைதான். கழுவி எடுப்பவருக்கு 75 முதல் 80 விழுக்காடு கிடைத்தால் பைக்காரருக்கு 65 முதல் 75 வரை கிடைக்கும். ஆனால் 2.2 கிலோ தானியத்தில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட இன்னும் 200 கிராம் சேர்த்தால் போதும். அதற்காக இரண்டு பாத்திரம், குழாய், பம்ப், கூடுதலாக இரண்டு மணி நேரம் என்று போவது வாடகை வீட்டில் இருக்கிற ஒருவருக்குக் கட்டுப்படியாகாது. பையைப் பிழிந்தால் துவர்ப்பு வரும் என்றும் சொல்வார்கள். துவர்ப்பு வருவது தண்ணீரின் காரத்தன்மையாலும் அதிகச் சூட்டாலும்தான், பிழிவதால் அல்ல. தாராளமாகப் பிழியுங்கள், கைக்கு ரப்பர் உறை போட்டுக்கொண்டு.

மூன்று பாத்திரம் நியாயமாவது 40 லிட்டர், 50 லிட்டர் என்று போகும்போது. 23 லிட்டருக்கே 5 கிலோ தானியம் வேண்டும். அது ஊறினால் 8 கிலோவைத் தாண்டும், அதுவும் சுடுநீர் சொட்டச் சொட்ட. தனியாளாகத் தூக்க மேலே கொக்கியும் கிணற்று உருளையும் வேண்டும். இடுப்பு வலி உள்ளவர், பால்கனியில் கொக்கி மாட்ட அனுமதி இல்லாதவர், பெரிய அளவு வேண்டுமென்றால் பை வழியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

அவர்களுக்குத்தான் நாலாவது வழி. நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர், மெல்போர்னிலேயே உருவான புரூசில்லா போன்ற மின்சாரப் பானைகள். பைக்குப் பதில் துளையிட்ட உலோகக் கூடை, உள்ளேயே பம்ப், சூட்டைத் தானே பிடித்து வைக்கும் கருவி. நல்ல சாமான்கள். ஆனால் முதல் நாளே வாங்க வேண்டாம். 20 லிட்டர் பாத்திரமும் பையும் பின்னால் வேண்டாமென்று ஆனால் பிரியாணிக்கும் வடிகட்டவும் ஆகும். இயந்திரம் மூலையில்தான் கிடக்கும்.

அம்மாக்கள் கேட்கிற ஒரு கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் தயாரித்ததைக் குடித்தால் கண் போய்விடாதா, உயிர் போய்விடாதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்த மாநிலம் இது, அந்தப் பயம் நியாயமானது. அங்கே உயிரைக் குடித்தது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். தானியச் சாறு புளித்து ஆகும் பீரில் ஆபத்தான அளவு மெத்தனால் உருவாவதில்லை. யாரும் வெளியிலிருந்து எதையும் கலப்பதில்லை, வடிப்பதும் இல்லை. வீட்டு பீரில் உண்மையான ஆபத்து வேறு இரண்டு: கொதிக்கும் 15 லிட்டர் தண்ணீர், அப்புறம் புளிப்பு முடியாமல் அடைத்ததால் வெடிக்கும் பாட்டில். மிச்சமிருக்கும் சர்க்கரையைக் காட்டும் அடர்த்திமானியில் (ஹைட்ரோமீட்டர்) இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவு காட்டினால்தான் அடைக்க வேண்டும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராமைத் தாண்டக் கூடாது.

இனி மதுரையில் செய்யக்கூடிய பாதிக்கு வருவோம். இதில்தான் எனக்குப் பிரியம் அதிகம்.

நாட்டு மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைக்கும் பார்லியை வாங்கி முளைகட்டப் பார்க்காதீர்கள். அது தோல் தீட்டியது, முளைக்காது. சோளமும் வேண்டாம், அதன் முளையிலும் வேரிலும் சயனைடு தரும் ஒரு பொருள் உண்டு, அதைச் சுத்தமாக நீக்கத் தெரிந்தவர்கள் செய்யட்டும். கேழ்வரகுதான் சரி. சிறுதானியங்களில் முளைகட்டினால் நொதி நன்றாக ஊறுவது கேழ்வரகில். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கேழ்வரகு மால்ட்டை நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறது. குழந்தைகளின் இணை உணவுக்கு அது உகந்தது என்பதற்கு இந்த நொதியும் ஒரு காரணம். கீழமாசி வீதியில் புதுசாக வந்த கேழ்வரகு கிலோ கணக்கில் கிடைக்கும். பழசானால் முளைப்பு குறையும், அதனால் ஒரு பிடி வாங்கி முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சம் வாங்குங்கள்.

ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் வைத்தால் வெள்ளை முளை நூலாக நீட்டும். மொட்டைமாடி வெயிலில் ஒரு நாளில் காய்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே வாணலியில் வறுத்தால் நொதி செத்துப்போகும். முதலில் வெயில், நன்றாகக் காய்ந்தபின் வேண்டுமானால் வாசனைக்கு இலேசான சூடு. உள்ளங்கையில் தேய்த்து வேரை உதிர்த்துப் புடைத்துவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிக் குருணையாக உடைக்க வேண்டும். மாவாக அரைத்தால் பையின் கண் அடைத்துக்கொள்ளும்.

கேழ்வரகின் மாவுச்சத்து பார்லியைப் போல 66-இலேயே முழுசாக வேகாது. அதனால் ஒரு சின்ன ஏற்பாடு. முளைகட்டாத கேழ்வரகுக் குருணை 200 கிராமை இரண்டு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்துக் கஞ்சியாக்குங்கள். கரண்டி நிற்கிற பதம் வரும். அடுப்பை அணைத்து, தெர்மாமீட்டர் 68 காட்டும்வரை ஆறவிட்டு, முளைகட்டிய குருணை 200 கிராமை அதில் கலக்குங்கள். பாத்திரத்தைப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே கரண்டி சுலபமாகச் சுழல ஆரம்பிக்கும். கட்டியாக நின்ற கஞ்சி இளகி, ஓரத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் பிரியும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொத்தென்று விழுந்தது இப்போது ஓடும். ஒரு சிட்டிகை சர்க்கரை போடவில்லை, நாக்கில் வைத்தால் இலேசாக இனிக்கிறது. மாவு சர்க்கரையாவதைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் இந்தக் கரண்டி கற்றுத்தருவது வராது.

கம்பளியால் போர்த்தி முக்கால் மணி நேரம் 65-ஐ ஒட்டி வைத்திருந்து, பையில் ஊற்றித் தூக்கிப் பிழிந்தால் கிடைப்பதுதான் கேழ்வரகு மால்ட் சாறு. சுக்கு, ஏலக்காய் தட்டிப்போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, பால் சேர்த்தோ சேர்க்காமலோ அன்றே குடித்துவிடுங்கள். மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், மறுநாளைத் தாண்ட வேண்டாம். நம்ம ஊர்ச் சூட்டில் வெளியே ஒரு ராத்திரி விட்டால் அதுவாகவே புளிக்க ஆரம்பித்துவிடும், அது நமக்கு வேண்டாம். வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அதிலுள்ள சுண்ணாம்பு நொதியின் வேலையைக் கெடுக்கும், சாறும் துவர்க்கும். கொதிக்க வைத்து ஆறித் தெளிந்த தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சை விட்டுக்கொள்ளுங்கள். குழாயில் வைகைத் தண்ணீர் வருகிற நாளில் செய்தால் இன்னும் சுலபம்.

சூடு பிடிப்பது, பை தூக்குவது, பிழிவது, அயோடின் பார்ப்பது எல்லாம் இதில் பழகிவிடும். அடர்த்திமானியும் பழகலாம், பால்காரர் லாக்டோமீட்டரை முக்குவது மாதிரி முக்கிப் படிப்பதுதான். 20 டிகிரிக்கு அளவு வைத்த மானி மதுரையின் 32 டிகிரியில் 0.003 குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மெல்போர்னில் இறங்கியபின் புதிதாகக் கற்க வேண்டியவை ஹாப்ஸ் போடும் நேரம், 20 டிகிரிக்கு ஆற்றுவது, ஈஸ்ட், கழுவல் ஆகியவைதான். ஆற்றுவதற்கும் அங்கே சுலபமான வழக்கம் ஒன்று உண்டு. கொதித்த சாறை அப்படியே சூடு தாங்கும் கெட்டி பிளாஸ்டிக் கேனில் நிரப்பி மூடி, தானாக ஆறவிட்டு, மறுநாளே ஈஸ்ட் போடுவார்கள். வாரக்கணக்கில் அப்படியே மூடி வைத்திருப்பதை மட்டும் செய்ய வேண்டாம்.

கடைசியாகப் பை. இதை ஊரிலேயே தைத்துக்கொண்டு போவது நல்லது. துணி, பாலியஸ்டரில் வரும் 'வாயில்' (voile) என்ற மெல்லிய துணி. பருத்தியில் வரும் 'வாயில்' வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனக்கும், கண் அடைக்கும், வாடையைப் பிடித்துவைக்கும். புது மண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். பாத்திரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அதைவிட ஒரு சாண் கூட வைத்து, உயரம் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மடித்துப் போடுகிற மாதிரி சொல்லுங்கள். அடியை வட்டமாக வெட்டித் தைத்தால் மூலையில் தானியம் சிக்காது. தையல் இரட்டைத் தையலாக, பாலியஸ்டர் நூலில் இருக்கட்டும். பிடிக்க நாலு பக்கமும் பட்டை நாடா வைத்து, நாடாவைப் பையின் அடி வரைக்கும் ஓடவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள். விளிம்பில் மட்டும் தைத்தால் ஊறிய தானியத்தின் கனத்தில் கிழியும். முதல் முறை உபயோகிக்கும் முன் சோப்பு போடாமல் வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள். அடுப்பு எரியும்போது பை பாத்திரத்தின் அடியில் படாமல் ஒரு எஃகுத் தட்டோ இட்லித் தட்டோ கவிழ்த்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் உருகி ஓட்டை விழும்.